சயாமா, அங்கேயும் தனாக்காவா?

போன வாரம் மூன்றாம் வகுப்பில் கூட்டல் கணக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். கை கரும்பலகையின் மேல் விளிம்பில். முதல் பெஞ்சிலிருந்து ஒரு வாண்டு பர்மியில் கேட்டாள்: "சயாமா (டீச்சர்), கைக்கு அடியிலும் தனாக்கா பூசுவீங்களா?"

கிண்டல் இல்லை, நிஜமான சந்தேகம். தனாக்கா என்பது இங்கே பர்மாவில் முகத்தில் பூசிக்கொள்ளும் மரப்பட்டைச் சாந்து. அவள் கன்னத்தில் பூசியிருந்த தனாக்காவும் என் வெள்ளைச் சட்டையின் அக்குளில் படிந்திருந்த கறையும் ஒரே மஞ்சள்! வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைச் சுருட்டி மூலையில் வீசினேன்.

வாத்தியார் வேலைக்கு வெள்ளைச் சட்டை, பச்சை லுங்கி என்று முடிவு செய்த புண்ணியவான் ரங்கூன் பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளாவது நின்றிருப்பாரா? பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில். அப்போதுதான் மழையும் பிடித்துக்கொள்கிறது. காற்றெல்லாம் ஈரம். உடம்பில் வேர்வை காயாது, கொடியில் துணி காயாது. ஃபேன் போடலாம் என்றால் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று அதற்கே தெரியாது. இருக்கும் மூன்று சட்டையை மாற்றி மாற்றிப் போட வேண்டும். பச்சை லுங்கிக்கு ஒரு குறையும் இல்லை, அது எதையும் காட்டிக்கொடுக்காது. சட்டையையும் பச்சையாக வைத்திருந்தால் என்ன குடி முழுகிப்போயிருக்கும்?

இதில் என் வயிற்றெரிச்சல் வேர்வை மீதுகூட இல்லை. வேர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். அக்குளில் மட்டும் கொஞ்சம் புரதமும் கொழுப்பும் சேர்ந்து வரும். அந்த மஞ்சளுக்குப் பெரிய காரணம், வேர்க்காமல் இருக்க நான் காசு கொடுத்து வாங்கிப் பூசும் ரோல் ஆன்! அதிலுள்ள அலுமினிய உப்புதான் வேர்வைத் துவாரத்தை அடைக்கிறது. அதே உப்பு வேர்வையோடு கலந்து துணியில் ஏறி, மஞ்சளாகி, காலர் அட்டை மாதிரி விறைத்துப்போகிறது. இது தெரியாமல், கறை கூடக்கூட இன்னும் அழுத்தி அழுத்திப் பூசியிருக்கிறேன், இரண்டு வருஷமாக.

சயாமாஜி, அதாவது எங்கள் தலைமையாசிரியை, ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "சுத்தமாகத் துவைத்துப் போட்டு வாருங்கள்" என்றார். துவைக்காமலா வருகிறேன்? கை தோல் உரியத் துவைக்கிறேன்! அவர் சொன்ன வேகத்தில் அன்றைக்கே பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்தேன். விடிந்து பார்த்தால் வெளிர் மஞ்சள் அடர்மஞ்சளாகியிருந்தது. குளோரின் பிளீச் வேர்வைக் கறையை இப்படித்தான் கெடுக்குமாம். கடைக்காரர் அதைச் சொல்லவில்லை, டப்பாவிலும் இல்லை. அம்மா வந்து, "வினிகர் ஊத்துடி, போயிடும்" என்றாள். பிளீச் ஈரம் போகாத துணியிலேயே ஊற்றிவிட்டேன். மூக்கிலும் கண்ணிலும் மிளகாய்ப்பொடி தூவிய மாதிரி எரிச்சல். வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. யாரும் தயவுசெய்து செய்து பார்க்காதீர்கள்.

பெரியம்மா படிகாரம் தேய்க்கச் சொல்கிறாள். பெரியம்மா, படிகாரமும் அலுமினிய உப்புதான்! சொன்னால், "எங்க காலத்துல யாருக்குக் கறை பட்டுச்சு?" என்கிறாள். அவள் காலத்தில் அவள் கட்டியது அரக்குச் சேலை. நீலம் போட்டால் ஒரு நாளைக்கு வெள்ளை மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

உருப்படியாக உதவியது ஒன்றுதான். மருந்துக்கடையில் புண் கழுவக் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டு கரண்டி, ஆப்பசோடா ஒரு கரண்டி. குழப்பித் தடவி, அரை மணி கழித்துப் பழைய டூத்பிரஷால் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். புதுக் கறை போகிறது. பழைய கறை வெளுக்கிறது, போகமாட்டேன் என்கிறது. ரோல் ஆனை ராத்திரி படுக்கும்போது பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு சட்டை போட்டால் கறை குறைகிறது. இந்த ஒரு வரியைக் குப்பியில் அச்சடிக்க என்ன கேடு? "நாள் முழுக்கப் புத்துணர்ச்சி" என்று எழுத மட்டும் இடம் இருக்கிறது.

அப்புறம் இஸ்திரி. கறை மேல் சூடு பட்டால் அது அங்கேயே குடியேறிவிடும், துவைத்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டி வைக்க வேண்டும். பார்க்கலாம்தான். ஆனால் நம் வீட்டில் கரண்ட் வருவது ராத்திரி ஒரு மணிக்கு. அரைத் தூக்கத்தில் எழுந்து, மறுபடி போவதற்குள் மூன்று சட்டையையும் தேய்த்து முடிக்கிற அவசரத்தில் கறையை யார் பார்த்தது?

இந்த வாரம் முழுக்கக் கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறேன். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று, "தெரியலை சயாமா" என்கிறார்கள்.