‘ர்’ உயிராக நிற்கும் மொழிகள்

செக் மொழியில் ‘ஸ்த்ர்ச் ப்ர்ஸ்த் ஸ்க்ர்ஸ் க்ர்க்’ என்றொரு முழு வாக்கியம் உண்டு. ‘தொண்டை வழியாக விரலை விடு’ என்பது பொருள். உயிரெழுத்தே இல்லாத மொழி என்று சொல்லி இதை வேடிக்கையாகப் பகிர்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த நான்கு சொற்களிலும் உயிர் இருக்கிறது. ‘ர்’ என்பதே அங்கே உயிர்.

ஓர் ஒலி உயிரா மெய்யா என்பதை அசைக்குள் அது செய்யும் வேலையே தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. செக் மொழியில் சொல்லழுத்தம் முதல் அசையில் விழும். ‘ப்ர்னோ’ என்ற நகரின் பெயரில் அதை ‘ர்’ தாங்குகிறது, ‘வ்ல்தவா’ என்ற ஆற்றின் பெயரில் ‘ல்’ தாங்குகிறது. பக்கத்து ஸ்லோவாக் மொழியில் இவ்விரண்டுக்கும் குறில், நெடில் வேறுபாடுகூட உண்டு. நெடிலை அடுத்து நெடில் வருவதைப் பெரும்பாலும் தவிர்க்கும் அம்மொழியில், நெடில் ‘ர்’ வந்த சொல்லில் அடுத்து வரும் விகுதியின் ஆகாரம் அகரமாகக் குறுகிவிடுகிறது. உயிரைப் போல அளவு கொண்டு, உயிரைப் போலவே அண்டை அசையையும் மாற்றுகிற ஒலிக்கு வேறு என்ன பெயர் கொடுப்பது?

வடமொழிக்கு இலக்கணம் வகுத்த பாணினி இதைத் தெளிவாகக் கண்டிருந்தார். ஒலிகளை வரிசைப்படுத்தும் சூத்திரங்களில் ரகர, லகர மெய்களை உயிர்களுக்குப் பின்னர் வைத்தவர், அவற்றின் உயிர் வடிவங்களை அ, இ, உ ஆகியவற்றுக்கு அடுத்த சூத்திரத்திலேயே வைத்தார். புணர்ச்சியும் அதற்குச் சான்று: மகா, இந்திரன் சேர்ந்து மகேந்திரன் ஆவதைப் போலவே மகா, ரிஷி (வடமொழியில் உயிர் ‘ர்’ முதலாகும் சொல்) சேர்ந்து மகர்ஷி ஆகிறது. ஓநாய்க்கு வடமொழியில் ‘வ்ர்க’, செக்கில் ‘வ்ல்க்’. இரண்டும் ஒரே மூலச்சொல்லின் வழித்தோன்றல்கள். (செக் உள்ளிட்ட ஸ்லாவிய மொழிகளில் இடையே ஓர் உயிர் தோன்றியது; செக்கில் அது பின்னர் மறைந்தது.) வீமனுக்கு விருகோதரன் (ஓநாய் வயிற்றோன்) என்று பெயர் வந்ததும் அந்த ஓநாயால்தான்.

தமிழ் ரகரத்தை உயிராக ஏற்றதில்லை. 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் வடமொழியின் இந்த ஒலியை ‘ஏழாம் உயிர்’ என்றே குறித்து, தமிழில் அது இகரமாகவும் ‘இரு’ எனவும் திரியும் என்று விதி வகுத்தது; ரிஷபம் இடபமானதும் ரிஷி இருடியானதும் அப்படித்தான். அயல்மொழியின் ஒலியமைப்பை அங்கீகரித்துக்கொண்டே தன் ஒலியமைப்பையும் காத்த இந்த அணுகுமுறையை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று அந்த எழுத்தை இந்தியில் ‘ரி’ என்றும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘ரு’ என்றும் ஒலிப்பதால், அதை உயிர் வரிசையில் வைத்தது பழையவர்களின் பிழை என்று மாணவர்கள் எண்ணக்கூடும். வடமொழி கற்பிப்போர் ஒரு செக் பேச்சாளரின் ஒலிப்பதிவை வகுப்பில் கேட்கச் செய்தாலே அந்த ஐயம் நீங்கும்.