மார்ட்டின் பால்சமுக்கு விருது இல்லையா?

"'சைக்கோ' படிக்கட்டில் கத்திக்குத்து வாங்கி விழும் டிடெக்டிவ்தான் மார்ட்டின் பால்சம். அதோடு அவர் காணாமல் போனார், ஒரு விருதும் வாங்கவில்லை" என்று அமெரிக்க நடிகர் பால்சமைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படம் வந்தது 1960-இல். பால்சமின் ஆஸ்கர் அதற்குப் பிறகுதான்: 1965-இல் வந்த 'எ தவுசண்ட் க்ளவுன்ஸ்' படத்துக்காகச் சிறந்த துணை நடிகர் விருது. அதில் ஜேசன் ரொபார்ட்ஸின் அண்ணனாக, தன் சாதாரண வாழ்க்கையில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவர் பேசும் இடத்தைத் தயவுசெய்து பாருங்கள். குரலை உயர்த்தாமலே அந்தக் காட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிடுகிறார். அப்புறம் 1968-இல் பிராட்வே (நியூயார்க் நாடக அரங்குகள்) நாடகத்துக்காக, மேடை நாடகங்களுக்குத் தரும் டோனி விருதும் வாங்கினார்.

காணாமல் போனார் என்பதும் சரியில்லை. பேர்ல் ஹார்பர் தாக்குதலைப் பற்றிய 'டோரா! டோரா! டோரா!'வில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி அட்மிரல் கிம்மல், 1974-இல் 'பெல்ஹாம்' ரயில் கடத்தலில் சளிபிடித்துத் தும்மிக்கொண்டே இருக்கும் கொள்ளைக்காரர், 1976-இல், அதிபர் நிக்சனின் வாட்டர்கேட் ஊழலைப் பற்றிய 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்' படத்தில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் ஆசிரியர்களில் ஒருவரான ஹோவர்ட் சைமன்ஸ். 1962-இல் 'கேப் ஃபியர்' படத்தில் போலீஸ் தலைவராக நடித்தவர், 1991-இல் அதே கதை மறுபடி எடுக்கப்பட்டபோது நீதிபதியாக வந்தார்.

'சைக்கோ'வுக்கு முன்பே, 1957-இல், 'ட்வெல்வ் ஆங்கிரி மென்' படத்தில் ஜூரித் தலைவரும் இவர்தான். பள்ளி விளையாட்டுப் பயிற்சியாளரான அந்த மனிதர், யாரோ குறை சொன்னதும் "நீயே நடத்திக்கொள்" என்று முகம் சுருங்கிப்போகும் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஹென்றி ஃபோண்டாவையும் லீ ஜே. காபையும் மட்டுமே கவனித்தவர்கள் இன்னொரு முறை பார்க்கலாம்.