மைதானத்துக்கு அனுப்பினால் மட்டும் போதுமா?

"எந்நேரமும் போன்தான். ஏதாவது ஒரு விளையாட்டில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுவான்." பதின்வயதுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பலர் இப்படிச் சொல்கிறார்கள். பாதி சரி. ஆனால் அங்கே போய் அவன் சந்தோஷமாக இருக்கிறானா என்று யாரும் கேட்பதில்லை.

போன் என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். எந்த கேம் என்பதை அவனே தேர்ந்தெடுக்கிறான். தோற்றால் அடுத்த நொடியே மறுபடி ஆடலாம். லெவல் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. கூட ஆட நண்பர்களும் இருக்கிறார்கள். தானே முடிவெடுப்பது, தன்னால் முடியும் என்ற உணர்வு, மற்றவர்களோடு ஒட்டுறவு: மனிதருக்கு இந்த மூன்றும் அடிப்படைத் தேவை என்று டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள் சொன்னார்கள். கேமில் மூன்றும் கிடைக்கின்றன.

மைதானத்திலோ எந்த விளையாட்டு என்பது அப்பாவின் முடிவு. கோச் கத்துகிறார். சுமாராக ஆடுகிற பிள்ளை மேட்ச் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறது. வீடு திரும்பும் வழியெல்லாம் "அந்தப் பந்தை ஏன் விட்டாய்?" என்ற விசாரணை வேறு. இதற்கப்புறம் அவன் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தால், எனக்கு அவன் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

அமெரிக்க ஆய்வாளர் அமாண்டா விசெக் குழுவினரின் ஆய்வு ஒன்று 2015-இல் வந்தது. கால்பந்தை ஜாலியாக்குவது எது என்று பிள்ளைகள், கோச்சுகள், பெற்றோரிடம் கேட்டு 81 விஷயங்களைத் திரட்டினார்கள். ஜெயிப்பதற்குக் கிடைத்தது 48-ஆவது இடம். முழு மூச்சாக ஆடுவது, டீம் ஒற்றுமை, கோச் நல்லவிதமாக நடத்துவது எல்லாம் மேலே இருந்தன.

"ஜாலிக்கு விட்டால் சாம்பியன் எப்படி வருவான்?" என்பவர்கள் நார்வேயைப் பார்க்கலாம். அங்கே 11 வயதுக்கு முன்னால் பிள்ளைகளுக்கு ரேங்க் பட்டியல் போடக் கூடாது, 13 வயதுக்கு முன்னால் தேசியப் போட்டி கிடையாது. அந்தச் சின்ன நாடு 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களோடு முதலிடம் பிடித்தது. வசதியும் பனியும் காரணம்தான். ஆனால் இந்த விதிகள் அவர்களைக் கெடுத்துவிடவில்லையே.

போனைப் பிடுங்குவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று தென்கொரியா 2011-இல் சட்டம் போட்டது. 2022 பிறந்தபோது அதையே கைவிட்டது. இன்னொன்று, நிறைய நேரம் போன் பார்ப்பதெல்லாம் நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்று சொல்வது, கட்டுப்படுத்த முடியாமல், மற்றதையெல்லாம் ஒதுக்கி, கெடுதல் தெரிந்தும் பொதுவாக ஒரு வருடமாவது தொடர்கிற நிலையை. அந்த அளவுக்குப் போனால் மருத்துவரிடம்தான் போக வேண்டும், கோச்சிடம் அல்ல. ஏற்கெனவே மனம் வாடிய பிள்ளை மைதானத்தையும் விட்டுவிட்டு போனுக்குள் போவதும் உண்டு. எது முதலில் வந்தது என்று வெளியிலிருந்து சொல்லிவிட முடியாது.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. 13, 14 வயதில் டீமுக்குத் தேர்வு நடக்கிறது. தேறாதவர்கள் அன்றோடு மைதானத்தை மறக்க வேண்டியதுதான். 2016 கணக்குப்படி உலகில் 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 81 சதவீதம் பேருக்குப் போதிய உடல் இயக்கம் இல்லை. பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். தேர்வில் தேறாத, சுமாராக ஆடுகிற பிள்ளைகளுக்கென்று இரண்டாவது டீம், மூன்றாவது டீம் நடத்துகிற பள்ளிகள் எத்தனை இருக்கின்றன?