பாஸ்வேர்டு சரிதான், உள்ளே விடத்தான் மாட்டேங்குது

நேத்து ராத்திரி பதினொரு மணியிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் என் வேர்ட்பிரஸ் தளத்தோட லாகின் பக்கத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். பாஸ்வேர்டு தப்புன்னு சொன்னாலாவது மனசு ஆறும். அதையும் சொல்லலை. என்டர் தட்டினா பக்கம் ஒரு தடவை மின்னும், மறுபடியும் அதே காலிப் பெட்டி!

தளத்தை அவங்க சர்வர்ல வச்சிருக்கிற ஹோஸ்டிங் கம்பெனியோட சாட்ல மூணு பேர் மாறினாங்க. மூணு பேரும் ஒரே பதில்: குக்கீயை அழிங்க, வேற பிரவுசர்ல பாருங்க. அழிச்சாச்சுங்க, நாலு தடவை அழிச்சாச்சு! ரீசெட் மெயிலும் வரலை, ஸ்பாம்லகூட இல்லை.

கடைசியில நானே தளத்தோட டேட்டாபேஸைத் திறந்து காட்டுற பிஎச்பி மைஅட்மினைத் திறந்து, அமைப்புகள் இருக்கிற ஆப்ஷன்ஸ் டேபிளைப் பார்த்தேன். அதுல சைட்யுஆர்எல், ஹோம்ங்கிற ரெண்டு வரியிலயும் தளத்தோட முகவரி 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ'வோட இருக்கு. சர்வரோ அது இல்லாத முகவரிக்கு 301 போட்டு, அதாவது 'முகவரி நிரந்தரமா மாறிடுச்சு'ன்னு சொல்லி, திருப்புது. அப்படித் திருப்பினா பிரவுசர், அடிச்ச தகவலை அனுப்புற 'போஸ்ட்' கோரிக்கையை, பக்கத்தை மட்டும் கேக்குற 'கெட்' கோரிக்கையா மாத்திடும். நான் அடிச்ச பாஸ்வேர்டு வழியிலேயே விழுந்துடும். அப்புறம் எங்கேர்ந்து பிழைச் செய்தி வரும்? ரெண்டு வரியைத் திருத்தினேன், உடனே உள்ளே போயிட்டேன்.

அந்த 301-ஐ அன்னைக்கு மதியம் போட்டது அந்த ஹோஸ்டிங் கம்பெனிக்காரங்கதான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லலை. மாசாமாசம் பில் மட்டும் தேதி தவறாம மெயில்ல வருது. இதுக்கும் ஒரு வரி அனுப்பியிருக்கலாமே! வயித்தெரிச்சலா இருக்கு.