மருந்தில்லாத காலத்தில் ஊர் ஊராகப் போன பாடகர்

எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக ஆப்பிரிக்கா போகிறேன், பயணச் செலவுக்குக் கொஞ்சம் உதவ முடியுமா என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். நல்ல மனசு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

தம்பி, முதலில் உகாண்டாவின் பிலி லுடாயாவைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாடே கொண்டாடிய பாடகர், ஸ்வீடனில் குடியிருந்தவர். 1989-ல் தனக்கு எய்ட்ஸ் இருக்கிறது என்று வெளிப்படையாக அறிவித்தார். பேரும் புகழும் உள்ள ஒருவர் உகாண்டாவில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பாட்டு விற்கப் பொய் சொல்கிறார் என்றுகூடப் பேசினார்கள். அவர் விடவில்லை. சொந்த ஊருக்கு வந்து பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள் என்று போய்ப் போய்ப் பேசினார், கண்ணெதிரே உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது, அந்த வருஷம் டிசம்பரிலேயே போய்விட்டார். வயது 38.

எச்.ஐ.வி.க்கு எதிராக உகாண்டா எழுந்து நின்றது அவர் ஒருவரால் என்று சொல்ல வரவில்லை. கணவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த நொரீன் கலீபா 1987-லேயே எய்ட்ஸ் நோயாளிகளுக்குத் துணை நிற்கிற டாசோ அமைப்பைத் தொடங்கி வீடு வீடாக ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார், அரசாங்கமும் கூச்சப்படாமல் பேசியது. ஆனால் இவர்கள் யாருமே வெளியிலிருந்து பாடம் நடத்த வந்தவர்கள் இல்லை, அதைத்தான் சொல்கிறேன்.

நானும் பாடம் நடத்தப் போனவன்தான். 2005 வாக்கில் நாமக்கல் பக்கம் லாரிகள் நிற்கிற இடங்களில் தன்னார்வலனாகச் சுற்றினேன். கையில் பட அட்டை. எலும்பும் தோலுமாக ஒருத்தர் படுத்திருக்கிற படம் அதில் கடைசி. ஒருநாள் அதைக் காட்டி முடித்ததும் ஒரு டிரைவர் அண்ணன், நல்ல வாட்டசாட்டமான ஆள், நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே, "அப்ப எனக்கு இல்லப்பா, நான் கல்லு மாதிரி இருக்கேன்"னு சொல்லிட்டு எழுந்து போனார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. எச்.ஐ.வி. கிருமி உள்ளே வந்து பல வருஷம் ஒரு அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது, எங்கள் படம் அதற்கு நேர்மாறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

அடுத்த மாதம் எங்களோடு ஒரு அக்கா வந்தார், எச்.ஐ.வி. பாசிட்டிவ், அதாவது கிருமி உடம்பில் இருப்பவர். பட அட்டையைத் தொடவே இல்லை. டீ குடித்துக்கொண்டே தன் கதையைச் சொன்னார், பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து ஆட்டிக் காட்டினார், உள்ளே மாத்திரைகள் கலகலவென்று சத்தம் போட்டது. "இதை ஒருநாள் விடாம போட்டா என் புள்ள கல்யாணத்தைப் பார்ப்பேன்" என்றார். அன்றைக்குத்தான் நாலு பேர் தனியாக வந்து, ரத்தப் பரிசோதனைக்கு நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அந்த நாமக்கல் மண்ணிலிருந்து வந்த கௌசல்யா அம்மாதான் 1998-லேயே பாசிட்டிவ் பெண்களுக்கென்று தனி அமைப்பே தொடங்கியவர், அதையும் சொல்லிவிடுகிறேன்.

லுடாயாவுக்கு ஆட்டிக் காட்ட டப்பா கிடைக்கவில்லை. பல மருந்துகளைச் சேர்த்துத் தருகிற கூட்டு மருந்து வந்ததே 1996-ல்தான், அதுவும் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-ல் நம்ம ஊர் சிப்லா கம்பெனி எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதையே 350 டாலருக்குத் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் ஆப்பிரிக்காவின் ஏழைகளுக்கு வழி பிறந்தது. இந்தியாவில் 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தர ஆரம்பித்தார்கள், தாம்பரத்திலும்தான். இன்றைக்கு ஒழுங்காக மருந்து எடுத்து, கிருமி பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. இந்த ஒரு செய்தி எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்று. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவிப் பணத்தைத் திடீரென்று நிறுத்தியதும் உகாண்டா உட்படப் பல நாடுகளில் மருந்தகங்கள் தடுமாறின, களப்பணியாளர்களுக்கு வேலை போனது. இந்த நிலைமையில் பேனர் பிடித்துக்கொண்டு போய் "எய்ட்ஸ் வராமல் காப்போம்" என்று அந்த மக்களுக்கே சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுக்குத் தெரியும் தம்பி, நம்மைவிட நன்றாகவே தெரியும்.

போகத்தான் வேண்டும் என்றால் போங்கள், தடுக்கவில்லை. ஆனால் அங்கே பாசிட்டிவாக வாழ்கிறவர்கள் நடத்துகிற ஒரு குழுவுக்கு முன்னாடியே எழுதிக் கேளுங்கள், எங்களுக்கு நீ வேண்டாம், மருந்தகத்துக்கு வந்துபோகப் பஸ் காசுதான் வேண்டும் என்று அவர்கள் சொன்னால் டிக்கெட் பணத்தை அப்படியே அனுப்பிவிடுங்கள். அதற்கென்றால் என் பங்கை இந்த வாரமே தருகிறேன்.