நிக் டிரேக்கின் பாட்டை யார் காப்பாற்றினார்கள்?

நிக் டிரேக்கைக் காப்பாற்றியது ஒரு கார் விளம்பரம்தான் என்று எங்கள் கூட்டத்தில் எப்போதும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். எங்கள் கூட்டம் என்றால் சங்கம், மன்றம் என்று எதுவும் இல்லை. வால்பாறை, முடீஸ், சோலையாறு, அந்தப் பக்கம் மளுக்கப்பாறை என்று தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற, கிட்டார் பாட்டு என்றால் உயிரை விடுகிற சில பேர். மலையாளிகளும் உண்டு. மழை பிடித்துக்கொண்டு விடாத ஜூலை மாதத்தில் யார் வீட்டிலாவது கூடுவோம். இந்த முறை அதைச் சொன்னது சாலக்குடியில் படிக்கிற ஒரு தம்பி. "அண்ணா, அந்த விளம்பரம் மட்டும் வரலைன்னா நீங்களும் நானும் இவர் பேரையே கேட்டிருக்க மாட்டோம்" என்றான். பதில் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. கரண்ட் போய், பேச்சு அதோடு நின்றுவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. நிக் டிரேக் இங்கிலாந்துக்காரர். தானே எழுதி, தானே கிட்டார் வாசித்துப் பாடியவர். உயிரோடு இருந்தபோது வந்தது மூன்றே ஆல்பம். 1969இல் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்', 1971இல் 'பிரைட்டர் லேட்டர்', 1972இல் 'பிங்க் மூன்'. வந்த காலத்தில் எதுவுமே 5,000 பிரதியைத் தாண்டவில்லை என்பார்கள். மேடை என்றாலே கூசுகிற ஆள். கச்சேரியும் குறைவு, பேட்டியும் குறைவு. வளர்ந்த பிறகு அவர் பாடுவதைக் காட்டுகிற ஒரு துண்டு ஃபிலிம்கூடக் கிடையாது. 1974 நவம்பர் 25 அன்று, 26 வயதில், பெற்றோர் வீட்டில் இறந்துபோனார்.

அந்த ஃபோக்ஸ்வாகன் விளம்பரம் வந்தது 1999 கடைசியில். ராத்திரி நேரம், கூரை திறந்த கார், நாலு இளவட்டங்கள். பின்னால் 'பிங்க் மூன்' பாட்டு. பார்ட்டி நடக்கிற வீட்டு வாசல் வரை போவார்கள், உள்ளே போக மனசில்லாமல் திரும்பிவிடுவார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அமெரிக்காவில் அந்த ஆல்பம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு விற்றது. அதை நான் மறுக்கவே இல்லை.

ஆனால் 1974க்கும் 1999க்கும் நடுவில் 25 வருஷம் இருக்கிறது. அந்த 25 வருஷமும் இந்தப் பாட்டெல்லாம் எங்கே இருந்தது? விளம்பரம் எடுத்தவர்கள் காதில் அது எப்படி விழுந்தது? இதைக் கேட்காமல் விளம்பரத்துக்கு மாலை போடுவது, இடையில் அதைத் தூக்கிச் சுமந்தவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

முதல் ஆள், தயாரிப்பாளர் ஜோ பாய்ட். அவர் தன் கம்பெனியை ஐலண்ட் ரெக்கார்ட்ஸுக்கு விற்றுவிட்டு அமெரிக்காவுக்கு வேலைக்குப் போனார். விற்கும்போது ஒரு நிபந்தனை போட்டார். நிக் டிரேக்கின் ரெக்கார்டுகளை ஒருநாளும் விற்பனைப் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைக்கு எல்லாவற்றையும் போனிலேயே கேட்கிறவர்களுக்குச் சட்டென்று புரியாது. அந்தக் காலத்தில் விற்காத ரெக்கார்டைக் கம்பெனி பட்டியலிலிருந்து நீக்கிவிடும். நீக்கினால் மறுபடி அச்சடிக்க மாட்டார்கள். கடைக்காரர் கேட்டாலும் வராது. பழைய சாமான் கடையில் கண்ணில் பட்டால்தான் உண்டு. நிக் டிரேக்குக்கு அப்படி ஆகவில்லை. யாரோ ஒரு ஊரில் யாரோ ஒருத்தர் கேட்டால் வரவழைத்துக் கொடுக்கலாம் என்கிற நிலை தொடர்ந்து இருந்தது. அப்புறம் 1979இல் மூன்று ஆல்பத்தையும் சேர்த்து ஒரு பெட்டியாகப் போட்டார்கள். 1985இலும் 1994இலும் தொகுப்புகள் வந்தன. எதுவும் ஆரவாரமாக நடக்கவில்லை. நடந்துகொண்டே மட்டும் இருந்தது.

அடுத்தது அவருடைய அப்பாவும் அம்மாவும். இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுதான் போவேன்.

நிக் பிறந்தது 1948 ஜூன் 19, ரங்கூனில். அப்பா ரோட்னி டிரேக் இன்ஜினியர். வேலை பார்த்தது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனில். இதைப் படிக்கிற முடீஸ்காரர்கள் இந்நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், நம்ம தேயிலைத் தோட்டக் கம்பெனி பாம்பே பர்மாதான். பர்மாவில் தேக்கு வெட்டி விற்க 1863இல் தொடங்கிய அதே கம்பெனி. என் அம்மாச்சி கொழுந்தெடுத்துச் சம்பளம் வாங்கிய கம்பெனியும், நிக் டிரேக்கின் அப்பா சம்பளம் வாங்கிய கம்பெனியும் ஒன்று. துரை பங்களாவுக்கும் தோட்டத் தொழிலாளியின் லைன் வீட்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அதை மறைத்துவிட்டு உறவு கொண்டாட வரவில்லை. ஆனால் இது தெரிந்த நாளிலிருந்து அந்தப் பாட்டுகள் எங்கோ கண்காணாத தேசத்துப் பாட்டாக எனக்குக் கேட்கவில்லை.

அம்மா மோலியும் பாட்டு எழுதியவர். 1942இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தது. நம் சனம் மூட்டை முடிச்சோடு காடு மலை தாண்டி நடந்தே இந்தியாவுக்கு வந்த காலம் அது. மோலியும் உடன்பிறந்த நான்சியும் அப்போது தில்லிக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அகில இந்திய வானொலியில் பாடியிருக்கிறார்கள். பிறகு இங்கிலாந்தில், டான்வொர்த்-இன்-ஆர்டன் என்கிற கிராமத்து வீட்டில், மோலி பியானோவில் உட்கார்ந்து தன் பாட்டுகளைப் பாடுவார். ரோட்னி அதை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து வைத்தார். விற்க இல்லை, பேர் வாங்க இல்லை. வீட்டுக்காக. மோலி 1993இல் காலமானார். அந்தப் பாட்டுகள் தனி ஆல்பமாக வெளியே வந்தது 2013இல். கேட்டுப் பாருங்கள். மகனுக்கு அந்த இறங்கிப் போகிற ராகம், வரி முடிகிற இடத்தில் குரலை விட்டுவிடுகிற பழக்கம் எல்லாம் யாரிடமிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

மகன் வீட்டில் பாடியதும் அதே மாதிரி டேப்பில் இருந்தது. அவர் இறந்த பிறகு, முன்பின் தெரியாத இளம் பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ அந்த வீட்டைத் தேடி வந்து கதவைத் தட்டினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு. கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் யாரும் தப்புச் சொல்லியிருக்க முடியாது. ரோட்னியும் மோலியும் அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார்கள். வீட்டு டேப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். வாங்கிப் போனவர்கள் அதற்குப் பிரதி எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் அவர் பேர் நின்றது. 2007இல் அந்த வீட்டுப் பதிவுகள் முறையாகவே ஆல்பமாக வந்தன. 2025இல் வந்த முதல் ஆல்பத்தின் பெட்டித் தொகுப்பில்கூட, கேம்பிரிட்ஜில் உடன் படித்த ஒருவர் இத்தனை காலமும் பத்திரப்படுத்தி வைத்திருந்த டேப் இருக்கிறது. இதில் எந்தக் கார் கம்பெனிக்கும் பங்கு இல்லை.

சரி, இன்னொரு கட்சி இருக்கிறது. சின்ன வயதில் செத்ததால்தான் இவ்வளவு பேர் என்பார்கள். இந்தப் பேச்சு எனக்கு விளம்பரப் பேச்சைவிடக் கசக்கிறது. சின்ன வயதில் போன பாட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். எல்லாரையுமா கேட்டுக்கொண்டிருக்கிறோம்? மனச்சோர்வோடு அந்த மனிதர் பட்ட பாட்டை அலங்காரமாக்கி, போஸ்டர் போட்டு, அவர் விரல் செய்த வேலையைக் கவனிக்காமல் விடுகிறார்கள்.

எங்கள் கோயில் திருவிழாவுக்குத் தவில் வாசிக்கிற ஒரு அண்ணனுக்கு ஒருநாள் 'ரிவர் மேன்' போட்டுக் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் வராது. பாடியவர் யார், இருக்கிறாரா, இல்லையா, எதுவும் நான் சொல்லவில்லை. முதல் வரி முடிவதற்குள் அவர் விரல் தொடையில் தகதகிட, தகதகிட என்று போக ஆரம்பித்துவிட்டது. "கண்டத்துல போகுது தம்பி" என்றார். ஐந்து எண்ணிக்கைப் பாட்டு அது. கிட்டார் அந்த ஐந்தை ஒரு இம்மி பிசகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். குரல் மட்டும் அதற்குக் கட்டுப்படாத மாதிரி தள்ளித் தள்ளி வந்து உட்காரும். முழுசாகக் கேட்டுவிட்டு, "திருப்பிப் போடு" என்றார். ரெண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டார். "இந்தப் பையன் தாளத்தைத் தேடிப் போகல. எங்க நின்னாலும் தாளம் அவன்கிட்ட வருது" என்றார். வாசிக்கத் தெரிந்தவர் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தை எனக்குப் போதும்.

'பிங்க் மூன்' ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971 அக்டோபரில் இரண்டே ராத்திரியில் பதிவானது. ஸ்டுடியோவில் அவரும் ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டும் மட்டும். மொத்தமே 28 நிமிஷம். குரல், ஒரு கிட்டார். தலைப்புப் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. அந்தப் பாட்டுக்கு அவர் கிட்டாரைச் சுருதி கூட்டியிருக்கிற விதமே வேறு. தடித்த கம்பியிலிருந்து சி, ஜி, சி, எஃப், சி, இ. அப்புறம் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கிற கிளிப். வழக்கமாக இ சுருதியில் நிற்கிற தடிக் கம்பியை சி வரை இறக்கினால் அது தளர்ந்து, தட்டினால் அதிரும், விரல் கொஞ்சம் அழுந்தினாலும் கரகரக்கும். அந்தத் தளர்ந்த கம்பியைக் கட்டை விரலால் ஒரே சீராகத் தட்டிக்கொண்டு மேலே பாடுவதற்கு எத்தனை மாதம் உட்கார்ந்திருப்பார் என்று கிட்டார் பிடித்தவர்களுக்குத் தெரியும். எங்கள் மழைக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், சுருதியும் நிற்காது. இருந்தாலும் அந்தச் சுருதியைக் கூட்டி முதல் கார்டைத் தட்டும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும்.

அதனால் தம்பிக்கு என் பதில் இது. பாட்டு தரமாக இருந்தது, அது முதல் காரணம். யாரும் கேட்காத காலத்திலும் அதைக் கேட்கக் கிடைக்கிற இடத்தில் சில பேர் வைத்திருந்தார்கள், அது இரண்டாவது. விளம்பரம் வந்து கதவைத் தட்டியபோது வீட்டில் பாட்டு இருந்தது.

இதை இவ்வளவு தூரம் எழுதுவதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. எங்கள் எஸ்டேட் டிவிஷனில் லாரி ஓட்டிய ஒருவர் இருந்தார். தானே பாட்டுக் கட்டிப் பாடுவார். மாரியம்மன் திருவிழா மேடையிலும், மே தினக் கூட்டத்திலும், சும்மா ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களிலும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனைப் பற்றி ஒரு பாட்டு, சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப் போன ராத்திரியைப் பற்றி ஒரு பாட்டு, ஆள் குறைந்து பூட்டிக் கிடக்கிற லைன் வீடுகளைப் பற்றி ஒரு பாட்டு. மனைவி மளுக்கப்பாறைக்காரர் என்பதால் நடுவில் மலையாள வரி வந்து விழும். அது செருகின மாதிரியே இருக்காது, இந்த எல்லையில் நாம் பேசுகிற பேச்சே அப்படித்தானே. பொள்ளாச்சியில் ஒரு ஸ்டுடியோவில் கைக்காசு போட்டு ஒரு கேசட் கொண்டுவந்து, வால்பாறை பஸ் ஸ்டாண்டில் தானே நின்று விற்றார். அவர் இப்போது இல்லை. குடும்பத்தைக் கேட்காமல் பேர் போட எனக்கு மனமில்லை, அதனால் போடவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று புரியும்.

அவர் குடும்பத்திடமே அந்தக் கேசட் இல்லை. லைன் வீட்டைக் காலி செய்து திருப்பூருக்குப் போனபோது எங்கேயோ தவறிவிட்டது என்கிறார்கள். பாடல்களை எல்லாருக்கும் கிடைக்கிற மாதிரி செய்வதற்கு அவர் மகள் சம்மதம் சொல்லிவிட்டார். பாட்டுதான் கையில் இல்லை.

வால்பாறை, முடீஸ், மளுக்கப்பாறை, பொள்ளாச்சி, திருப்பூரில் இருக்கிற நம் ஆட்களே, உங்கள் வீட்டுப் பரணில், பழைய டிரங்குப் பெட்டியில் பாருங்கள். கேசட் கிடைத்தால் தயவுசெய்து ஓட்டிப் பார்க்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். ஓட்டினால் உள்ளே முழுக்கப் பரவும், டேப்பும் அறுந்துவிடும். அப்படியே காய்ந்த துணியில் சுற்றி வையுங்கள். திருவிழாவில் யாராவது போனில் எடுத்த துண்டு வீடியோ இருந்தால், சத்தம் சரியில்லை என்று அழித்துவிடாதீர்கள், அதுவும் வேண்டும். எனக்கு உள்பெட்டியில் ஒரு வரி போடுங்கள். திருப்பூர் என்றாலும் நானே வந்து வாங்கிப் போய், பிரதி எடுத்துவிட்டு, உங்கள் கேசட்டை உங்களிடமே திருப்பித் தருகிறேன்.