மூன்று தலைநகரச் சட்டம்: ரத்து செய்தது யார்?

ஆந்திராவின் மூன்று தலைநகரச் சட்டத்தை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. விசாகப்பட்டினத்தில் நிர்வாகம், அமராவதியில் சட்டமன்றம், கர்நூலில் உயர் நீதிமன்றம் என்று பிரித்த அந்தச் சட்டத்துக்கு 2020 ஜூலை 31 அன்று ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அதை எதிர்த்து அமராவதி விவசாயிகள் போட்ட வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோதே, 2021 நவம்பரில் அப்போதைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டியின் அரசே சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து அதைத் திரும்பப் பெற்றது. இன்னும் விரிவான மசோதாவோடு வருவோம் என்றும் அப்போது ஜெகன் சொன்னார்.

தீர்ப்பு வந்தது 2022 மார்ச் 3 அன்று. தலைநகரை மாற்றச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலச் சட்டமன்றத்துக்கு இல்லை என்றது நீதிமன்றம். அரசுக்கு அது பெரிய அடிதான், மறுக்கவில்லை. குழப்பமும் அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும். ஆனால் சட்டம் அதற்கு மூன்று மாதம் முன்பே போய்விட்டது.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆந்திர உயர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் 2022 மார்ச் 3 தேதியிட்டு அமராவதி விவசாயிகள் வழக்குத் தீர்ப்பைத் தேடுங்கள். சட்டம் திரும்பப் பெறப்பட்ட விவரம் அதிலேயே இருக்கிறது. நேரமில்லை என்றால், 2021 நவம்பர் 22, 23 தேதிகளின் செய்தித்தாள்களைப் புரட்டினாலே போதும்.